மிஸ் கமலாவை எங்கே பார்க்கலாம்?

தமிழின் முதல் பெண் இயக்குநர் யார் என்று கேட்டால் கைபேசி அரை நொடியில் சொல்லிவிடும்: டி.பி. ராஜலட்சுமி. 1931-இல் வந்த 'காளிதாஸ்' படத்தின் நாயகி, அதாவது தமிழ்ப் பேசும்படத்தின் முதல் கதாநாயகி. 1936-இல் 'மிஸ் கமலா'வை இயக்கியவர். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த இரண்டு வருடங்களையும் சொல்வார்கள். சரி, அவர் எப்படிப்பட்ட இயக்குநர் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

'முதல்' என்கிற சொல் மேல் எனக்கு வெகுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. மரியாதை செய்கிற மாதிரிதான் வரும். மாலை போடும், பொன்னாடை போர்த்தும், மேடை ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கும். அதற்கப்புறம் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். ராஜா சாண்டோ, எல்லிஸ் ஆர். டங்கன், கே. சுப்ரமணியம் என்று 1930-களின் ஆண் இயக்குநர்களைப் பேசும்போது அவர்கள் எடுத்துக்கொண்ட கதையைப் பேசுகிறோம், காட்சியைப் பேசுகிறோம், சண்டைகூடப் போடுகிறோம். ராஜலட்சுமி என்றதும் வருடத்தைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறோம்.

அந்த வருடத்துக்குப் பின்னால் போய்ப் பார்க்க வைத்தது ஒரு மாணவியின் கேள்வி. செங்கல்பட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பழைய படம் பார்த்துப் பேசுவது என் வழக்கம். மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரிக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண் ஒருத்தி அதில் உண்டு. நான் ராஜலட்சுமியைப் பற்றிக் கொஞ்சம் ஆவேசமாகவே பேசிவிட்டு உட்கார்ந்தேன். அவள் கையைத் தூக்கினாள்.

"மிஸ் கமலாவ எங்க பாக்கலாம் அக்கா?"

"பாக்க முடியாதும்மா. பிரதி இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"அப்ப அவங்க நல்ல டைரக்டர்னு எப்படிச் சொல்றீங்க?"

வகுப்பில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நியாயமான கேள்விதான் அது. படமே இல்லாத ஒரு இயக்குநரைப் பற்றி வரலாறு எழுத முடியுமா?

*

முதலில் வாழ்க்கை. 1911 நவம்பர் 11, தஞ்சாவூர்ப் பக்கம் சாலியமங்கலத்தில் பிறந்தார். டி.பி. என்பதில் முதலெழுத்து திருவையாறு, இரண்டாவது அப்பா பஞ்சாபகேசன். வைதீகப் பிராமணக் குடும்பம். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம் செய்து வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. சீக்கிரமே அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அம்மாவும் பெண்ணுமாகத் திருச்சிக்கு வந்தார்கள்.

இந்த இடத்தில் அந்தக் காலத்துக் கதைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி முடியும். வாழாவெட்டி என்ற பெயரோடு யாராவது உறவுக்காரர் வீட்டு அடுக்களையில். ராஜலட்சுமி நாடகக் கம்பெனிக்குப் போனார். நன்றாகப் பாடுவார், கேட்டதை அப்படியே திருப்பிப் பாடும் ஞாபகம். சாமண்ணாவின் கம்பெனியில் சேர்ந்தபோது வயது பத்தைத் தாண்டியிருந்தால் அதிகம்.

நாடகக் கம்பெனி என்றால் என்ன என்று இன்றைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் ஆண்ட காலம் அது. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று ஊருக்கு ஊர் அதே கதைகள். இரவு ஆரம்பித்தால் விடியும் வரை நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களே பெண் வேடம் கட்டினார்கள். பெண்களே நடத்திய கம்பெனியும் இருந்தது. கும்பகோணம் பாலாமணி அம்மாளின் குழுவைப் பார்க்க வருகிறவர்களுக்காக ஸ்பெஷல் ரயிலே விட்டார்கள் என்பது நாடக வரலாற்றில் மறக்காமல் சொல்லப்படும் செய்தி. மேடையில் பெண் நின்றால் கூட்டம் அள்ளும். அதே பெண் பகலில் தெருவில் நடந்தால் மரியாதை கிடைக்காது. பிராமணக் குடும்பத்துப் பெண் மேடையேறினால் அவளோடு உறவே கிடையாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள வீட்டார் தயாராக இருந்தார்கள்.

பெரிய ஸ்பெஷல் நாடக நடிகர்களுக்கு ஜோடியாக நின்று ராஜலட்சுமி பெயர் வாங்கினார். 1929-இல் ஏ. நாராயணன் எடுத்த மௌனப்படமான 'கோவலன்' அவரைத் திரைக்குக் கூட்டிவந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் பம்பாய்க்கு அழைப்பு. அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி, இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வை எடுத்த கையோடு தமிழுக்கும் ஒரு படம் எடுக்க நினைத்தது. இயக்கம் எச்.எம். ரெட்டி. 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. கதாநாயகன் தெலுங்கு பேசுவார், கதாநாயகி தமிழ் பேசுவார். நடுவில் தியாகராஜர் கீர்த்தனை. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய காந்தி ராட்டினப் பாட்டு. கூடவே ராஜலட்சுமியின் குறத்தி நடனம். இன்றைக்குக் கேட்டால் ஒரே கதம்பமாக இருக்கிறது. அன்றைக்கு மக்கள் படப்பெட்டியை ஊர்வலமாகக் கூட்டிப்போய், தேங்காய் உடைத்து, சூடம் காட்டினார்கள். திரையில் ஒரு பொம்பளை வாயைத் திறந்து தமிழ் பேசினாள் என்பதுதான் அந்த ஊர்வலத்தின் காரணம்.

அதற்கப்புறம் வரிசையாகப் படங்கள். 1933-இல் கல்கத்தாவில் எடுத்த 'வள்ளி திருமணம்' பெரிய ஓட்டம் ஓடியது. அதில் உடன் நடித்த டி.வி. சுந்தரத்தைக் கல்யாணம் செய்துகொண்டார். 'சினிமா ராணி' என்று பட்டமே வந்துவிட்டது.

*

இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டு என் ஊருக்கு வருகிறேன். காரணம் இருக்கிறது.

திருச்சியிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்தால் செங்கல்பட்டைத் தாண்டாமல் வர முடியாது. ஒரு பக்கம் கொளவாய் ஏரி, வண்டி நிற்கும், கிளம்பும். நாடகக்காரர்கள் திரைச்சீலை, ஆர்மோனியப் பெட்டி, வேஷ மூட்டையோடு எத்தனையோ தடவை கடந்துபோன ஸ்டேஷன் இது. ராஜலட்சுமி சென்னைக்கு வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில், இந்த ஊரில் முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விடுவது என்ற முடிவுக்காகத்தான் எல்லாரும் அந்த மாநாட்டை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அதைப் பற்றிய பேச்சும் அதோடு முடிந்துவிடும். பெண்களைப் பற்றி அங்கே போட்ட தீர்மானங்களைப் படித்தால் இன்றைக்கும் நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது. பெண்ணின் கல்யாண வயது பதினாறுக்கு மேல் இருக்க வேண்டும். இஷ்டமில்லாத கல்யாணத்தை ரத்து செய்ய அவளுக்கு உரிமை வேண்டும். விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம். சொத்தில் ஆணுக்கு உள்ள உரிமை பெண்ணுக்கும் வேண்டும். துணையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் வேண்டும்.

இதில் ஒவ்வொன்றும் சட்டமாக எத்தனை நாள் பிடித்தது என்று பாருங்கள். அதே 1929-இல் சாரதா சட்டம் வந்தது, பெண்ணுக்குப் பதினாலு என்று வைத்தது. செங்கல்பட்டு கேட்டதைவிட இரண்டு வயது குறைவு. இந்துப் பெண்ணுக்கு விவாகரத்து என்ற ஒன்று மதராஸ் மாகாணத்தில் சட்டப்படி சாத்தியமானது 1949-இல். சொத்தில் சம பங்குக்குத் தமிழ்நாடு 1989 வரை காத்திருந்தது. மாநாடு நடந்து அறுபது வருடம்.

ராஜலட்சுமியை இந்த மாநாட்டோடு கயிறு போட்டுக் கட்ட நான் வரவில்லை. அவர் சுயமரியாதை இயக்கத்துக்காரர் கிடையாது. சாவித்திரியாக நடித்தார், திரௌபதியாக நடித்தார், புருஷனே தெய்வம் என்று எத்தனையோ பாட்டுப் பாடியிருப்பார். அவருடைய அரசியல் காங்கிரஸ் மேடையின் தேசபக்திப் பாட்டு வழியாக வந்தது. ஆனாலும் அந்தத் தீர்மானங்களை ஒரு கையிலும் அவருடைய வாழ்க்கையை இன்னொரு கையிலும் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மாநாட்டில் ஆண்களும் பெண்களும் கூடிப் பேசி எழுதி வைத்த காரியங்களை, யாரும் எழுதித் தராமலே, சட்டத்தின் துணையே இல்லாமல், இந்தப் பெண் செய்துகொண்டிருந்தார். சிறுவயதுக் கல்யாணத்திலிருந்து வெளியே வந்தார். சொந்தமாகச் சம்பாதித்தார். தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டார். பெண் சிசுக்களைக் கொல்லும் வழக்கத்தை எதிர்த்தார், ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்த்தார் என்ற குறிப்புகளும் உண்டு. தீர்மானம் போடுகிறவர்கள் ஒரு பக்கம். தீர்மானம் வருவதற்கு முன்பே வாழ்ந்து காட்டி அதற்கான ஏச்சையும் வாங்கிக்கொள்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது வகைக்கு மாநாட்டுப் பந்தல் கிடையாது.

*

இந்த இடத்திலிருந்து 'மிஸ் கமலா'வைப் பார்க்கலாம். படம் இல்லாவிட்டாலும் சில முடிவுகள் மிச்சமிருக்கின்றன. இயக்குநர் என்றால் முடிவெடுக்கிறவர்தானே.

முதல் முடிவு தலைப்பு. 1936-இல் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை புராணம். பவளக்கொடியும் அல்லியும் வள்ளியும்தான் நாயகிகள். சமூகக் கதைகள் அப்போதுதான் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தன. முந்தைய வருடம் 'மேனகா', 'டம்பாச்சாரி'. அதே 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த 'சதி லீலாவதி' வந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் தலைகாட்டியதால் எல்லாருக்கும் தெரிந்த படம். குடித்துக் கெட்ட புருஷனுக்காகப் பொறுத்திருக்கும் மனைவியின் கதை. ஒரே வருடத்தில் இரண்டு பெண் பெயர்கள் சுவரொட்டியில். ஒன்றுக்கு முன்னால் 'சதி', இன்னொன்றுக்கு முன்னால் 'மிஸ்'. சதி என்றால் இன்னாருடைய பெண்டாட்டி என்று அர்த்தம் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. மிஸ் என்றால் கல்யாணம் ஆகாதவள், படித்தவள், தன் பெயரால் அறியப்படுகிறவள். அந்தக் காலத்தில் அது கொஞ்சம் கேலியாகவும் ஒலித்த சொல். அதைத் தெரிந்தே எடுத்துத் தலைப்பில் வைத்திருக்கிறார். எனக்கு இது ஒரு ஷாட்டுக்குச் சமம்.

இரண்டாவது முடிவு கதை. புராணத்துக்கும் போகவில்லை, புகழ்பெற்ற ஆண் நாவலாசிரியரிடமும் போகவில்லை. தானே எழுதியிருந்த 'கமலவல்லி' நாவலை எடுத்துக்கொண்டார். மனசு ஒருவனிடம் இருக்க, தாலி இன்னொருவன் கையால் ஏறுகிற பெண்ணின் கதை. இதை எழுதியவர் பொம்மை வைத்து விளையாடும் வயதில் தாலி கட்டிக்கொண்டவர் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். நாவல் எழுதும் பெண்களுக்கு அப்போது வாசகர்கள் இருந்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்து நீர்வளூர்க் குடும்பத்தில் வந்த வை.மு. கோதைநாயகி 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்திக்கொண்டு நாவலாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஐந்தரை வயதில் கல்யாணம். அவர் எழுதிய 'அநாதைப் பெண்' 1938-இல் படமானபோது இயக்கியது ஆண். ராஜலட்சுமி தன் கதையை இன்னொருவர் கையில் கொடுக்கவில்லை.

மூன்றாவது முடிவு பணம். ஸ்ரீராஜம் டாக்கீஸ் என்ற பெயரில் தானே தயாரித்தார். எழுத்து, இயக்கம், தயாரிப்பு, நடிப்பு நாலும் அவரே. நட்சத்திரமாக இருந்து சம்பாதித்ததைக் கொண்டுபோய் அதில் போட்டார். வேறு யாரும் ஒரு பெண்ணை நம்பிப் படம் எடுக்கப் பணம் தந்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கு ஆச்சரியமே இல்லை. 2020-களிலும் கதை சொல்லப் போகிற பெண்கள் என்னிடம் வந்து அதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

அன்றைக்குப் படம் இயக்குவது என்றால் எப்படிப்பட்ட வேலை என்பதையும் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கணும். பாட்டைத் தனியாகப் பதிவு செய்து வாயசைப்பது வழக்கமாகாத நாட்கள். நடிகர் கேமரா முன்னால் நின்று அங்கேயே பாடுவார். பக்கவாத்தியக்காரர்கள் கேமரா கண்ணுக்குப் படாமல் மறைந்து உட்கார்ந்து வாசிப்பார்கள். மைக்கை எங்கேயாவது ஒளித்து வைக்க வேண்டும். சென்னையில் முதல் பேசும்பட ஸ்டூடியோவான ஸ்ரீனிவாஸா சினிடோனை ஏ. நாராயணன் 1934-இல்தான் ஆரம்பித்தார். வெயில் வெளிச்சத்தில் படம் பிடித்த அந்த நாட்களில் காக்கா கத்தினால் ஷாட் போச்சு. காக்கா விரட்டவே ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்தவர் நாராயணனின் மனைவி மீனாட்சி. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவருக்கும் ஒரு 'முதல்' உண்டு. அவரையும் நாம் அதே மாதிரி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம். ஒரு ஷாட்டில் பாட்டு, சுருதி, நடிப்பு, வெளிச்சம், காக்கா எல்லாம் ஒன்றாக ஒத்துவர வேண்டும். ராஜலட்சுமிக்குக் கூடுதலாக ஒன்று: கேமராவுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டியவர் முன்னால் நின்று நடித்துக்கொண்டும் இருந்தார்.

பிறந்த மகளுக்கு வைத்த பெயர் கமலா.

1939-இல் 'மதுரை வீரன்' எடுத்தார். இதுவும் கவனிக்க வேண்டிய தேர்வு. அருந்ததியர் வீட்டில் வளர்ந்து, பாளையக்காரர் மகள் பொம்மியை அழைத்துக்கொண்டு போய், கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட நாட்டார் தெய்வத்தின் கதை. இதே கதை 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்தபோது ஊரெல்லாம் திருவிழா. பதினேழு வருடம் முன்னால் ஒரு பெண் அதை எடுத்திருந்தார் என்று சொன்னால் சினிமா ஆர்வலர்களே 'அப்படியா' என்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்தேன் என்று சொன்ன ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை.

*

'காளிதாஸ்' இல்லை. 'மிஸ் கமலா' இல்லை. எங்கே போயின?

அன்றைய பிலிம் நைட்ரேட். சுலபமாகத் தீப்பிடிக்கும், வெப்பத்தில் பிசுபிசுத்துப் பொடியாகும். சென்னை மாதிரி ஈரக்காற்றும் வெயிலும் சேர்ந்த ஊரில் அதற்கு ஆயுள் குறைவு. ஓடி முடிந்த படத்தைக் குளிர்ந்த அறையில் வைத்துக் காப்பாற்றக் காசும் கிடையாது, காரணமும் தெரியாது. மிஞ்சிய பிரதிகளைப் பழைய சாமானாக எடைக்குப் போட்டார்கள். பிலிமைக் கழுவினால் அதில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்கலாம். ராஜலட்சுமியின் முகம் அப்படி எத்தனை கிராம் வெள்ளியாகப் போயிருக்குமோ என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. தப்பித்த நைட்ரேட் பிலிம்களிலும் ஒரு பெரிய பங்கு 2003-இல் புனேயில் நடந்த தீவிபத்தில் எரிந்தது. அந்தக் காலப் படங்கள் பலவற்றுக்கு இன்றைக்கு மிச்சம் கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகம்தான். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அப்படிப்பட்ட புத்தகங்களைப் புரட்டும்போது, சமையல் குறிப்பை வாசித்துச் சாப்பாட்டின் ருசியைக் கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கும்.

ராஜலட்சுமி கடைசி வரை சென்னையில்தான் இருந்தார். நாற்பதுகளில் கதாநாயகி வேடம் போய் அம்மா வேடம் வந்தது. ஐம்பதுகளில் அதுவும் குறைந்தது. 1964-இல் காலமானார். இந்தியப் படங்களைப் பாதுகாக்கத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டதும் அதே 1964-இல். இந்த இரண்டு செய்தியையும் அடுத்தடுத்து வாசித்த அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

உலகத்தில் இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த கதை கிடையாது. இந்தியாவின் முதல் பெண் இயக்குநர் பாத்மா பேகம் 1926-இல் எடுத்த 'புல்புல்-ஏ-பரிஸ்தான்' இல்லை. பிரான்சில் 1896-லேயே இயக்கத் தொடங்கிய ஆலிஸ் கை, தான் எடுத்த படங்களைத் தேடிப் பிற்காலத்தில் அமெரிக்காவுக்கே திரும்பிப் போனார், கிடைக்கவில்லை. அவருடைய படங்களில் சில வேறு ஆண்களின் பெயரில் பட்டியலாகி இருந்தன. அதைத் திருத்தச் சொல்லி எழுதிக்கொண்டே இருந்து 1968-இல் இறந்தார். அவர் போன பிறகுதான் ஆவணக் காப்பகங்களின் அலமாரிகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவை வெளியே வந்தன. ஆலிஸ் கைக்கு இருந்த அந்த அலமாரிகள் நம்மிடம் இல்லை.

*

வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனேன். படம் இல்லாத இயக்குநரைப் பற்றிப் பேச அதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

அர்ஜுனன் தபசு முன்னால் நின்றோம். கடற்கரைக் கோயிலுக்குப் போனோம். ஆயிரத்து முந்நூறு வருட உப்புக்காற்றில் முகம் மழுங்கியிருக்கிறது, இருந்தாலும் நிற்கிறது. இதையெல்லாம் செய்வித்தது எந்த ராஜா என்று அறிஞர்கள் இன்னும் வாதம் செய்கிறார்கள். முதலாம் நரசிம்மவர்மன் என்பார் ஒருவர், எல்லாமே ராஜசிம்மன் என்பார் இரா. நாகசாமி. வாதம் செய்யக் கல் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. செதுக்கியவனின் கையெழுத்து மட்டும் சிற்பத்தில் இல்லை.

அங்கிருந்து மேற்கே பூஞ்சேரிக்குப் போனோம். சுற்றுலாக் கும்பல் அவ்வளவாக எட்டிப்பார்க்காத இடம். அங்கே ஒரு பாறையில் சில பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என்று. பல்லவர் காலத்தில் இங்கே வேலை செய்த சிற்பிகளின் பெயர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எந்தச் சிற்பம் யாருடையது என்று சொல்ல வழியில்லை.

தேவனேரிப் பெண் ரொம்ப நேரம் அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவங்களுக்கு வேலை அங்க இருக்கு, பேரு இங்க கெடக்குது. அவங்களுக்குப் பேரு மட்டும்தான் இருக்குல்ல அக்கா?" என்றாள். நான் ஒரு கட்டுரை முழுக்கச் சொல்ல நினைத்ததை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

அதே கடற்கரையில் இன்னொன்றும் அவளுக்குத் தெரியும், அவள் ஊருக்குப் பக்கத்தில் நடந்தது. 2004 சுனாமி மணலை அரித்துவிட்டுப் போன பிறகு சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுள்ள பாறை வெளியே தெரிந்தது. தொல்லியல் துறை தோண்டியபோது மணலுக்குள்ளிருந்து பழைய முருகன் கோயில் கிடைத்தது. "அப்படி படமும் ஒருநாள் கெடைக்குமா?" என்று ஒரு பையன் கேட்டான். கிடைக்கலாம். ஜெர்மன் படம் 'மெட்ரோபோலிஸ்' காணாமல் போன காட்சிகள் எண்பது வருடம் கழித்து 2008-இல் பூனோஸ் அயர்ஸில் கிடைத்தன. தமிழ்ப் படங்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பெட்டி பெட்டியாகப் போன காலம் அது. நம்பிக்கை வைக்கலாம். ஆனால் தேடுகிறவர் ஒருவர் இருந்தால்தானே கிடைக்கும்? 'முதல் பெண் இயக்குநர்' என்ற ஒரு வரியில் திருப்தியாகிவிட்ட சமூகம் எதைத் தேடும்?

*

1939-க்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பார்த்தால் இந்த ஒரு வரி செய்கிற கெடுதல் இன்னும் தெளிவாகத் தெரியும். 1953-இல் பானுமதி 'சண்டிராணி'யை மூன்று மொழிகளில் எடுத்தார். 1969-இல் சாவித்திரி 'குழந்தை உள்ளம்' எடுத்தார், 1971-இல் 'பிராப்தம்' எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். 1980-இல் லட்சுமி 'மழலைப் பட்டாளம்' எடுத்தார். எல்லாரும் பெரிய நடிகைகள். நட்சத்திர அந்தஸ்தைச் சாவியாக வைத்துக் கதவைத் திறந்தவர்கள். கேமரா வழியாக வந்த பி.ஆர். விஜயலட்சுமி, உதவி இயக்குநராக இருந்து வந்த சுதா கொங்கரா என்று வேறு பாதைகள் திறக்க அப்புறம் வெகுகாலம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரு பெண் இயக்கும்போது பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டன. எண்பது வருடமாக அதே ஆச்சரியம். முன்னால் நடந்தது ஞாபகத்தில் இருந்தால் ஆச்சரியம் வராது. பாரதிராஜாவுக்கு ஸ்ரீதரோடும் பாலசந்தரோடும் வைத்துப் பேச ஒரு வரிசை இருந்தது. பெண்கள் ஒவ்வொருவரும் வரிசையே இல்லாமல் தனித்தனியாக, ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாக, வந்து நிற்க வேண்டியிருந்தது.

அதனால் அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது என்னிடம் இருக்கும் பதில் இதுதான். ராஜலட்சுமி நல்ல இயக்குநரா என்று எனக்குச் சொல்ல முடியாது. பார்க்காத படத்தைப் புகழ்வது அவரை இன்னொரு தடவை பொன்னாடைக்குள் மூடுவதாகும். ஒருவேளை 'மிஸ் கமலா' சுமாரான படமாகவே இருந்திருக்கலாம், பாட்டு ஜாஸ்தியாக, கேமரா நகராமல். சுமாரான படம் எடுக்கவும் அவருக்கு உரிமை இருந்தது, அதைப் பார்த்துச் சுமார் என்று சொல்ல நமக்கும் உரிமை இருந்தது. நைட்ரேட்டோடு அந்த இரண்டும் போய்விட்டன. மிச்சமிருப்பது அவர் எடுத்த முடிவுகள். 'சதி' என்று எழுத எல்லாரும் தயாராக இருந்த சுவரில் 'மிஸ்' என்று எழுதியது, தன் கதையைத் தன் காசில் தானே சொன்னது. படிக்கத் தெரிந்தால் இதற்குள்ளேயே ஒரு இயக்குநர் இருக்கிறார்.

அந்தப் பெண் போன மாதம் தன் முதல் குறும்படத்தை முடித்தாள். ஒன்பது நிமிஷம். மீன்கூடையோடு விடிகாலை பஸ்ஸுக்கு நிற்கிற தன் ஆயாவைப் பற்றி, கைபேசியிலேயே எடுத்தது. காற்றுச் சத்தம் ஜாஸ்தி, இரண்டு இடத்தில் ஃபோகஸ் போய்விட்டது, நடுவில் ஒரு காட்சி நீளம். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், அவளும் சரிக்குச் சரி சண்டை போட்டாள். ஆயாவின் முகத்தில் வண்டி வெளிச்சம் வந்து விழுகிற ஒரு இடம் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

கிளம்பும்போது கேட்டேன், "காப்பி எத்தன எடத்துல வெச்சிருக்க?"

"போன்ல மட்டும்தான் அக்கா."

அன்றைக்கு வகுப்பு அரைமணி நேரம் தாமதமாகத்தான் ஆரம்பித்தது. மூன்று இடத்தில் பதிந்து வைத்த பிறகு.